வியாசத்துக்கு ஒரு தலைவாக்கியம்

கொல்லிமலை எடப்புளி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு என் கணவரை வாத்தியாராகப் போட்டார்கள் என்றால், வேறு யாரும் அங்கே போகச் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. கொல்லிமலையில் ஒரு ராத்திரி தங்கினாலே காய்ச்சல் பிடிக்கும் என்று கீழ்நாட்டு ஜனங்கள் பயந்த காலம். மிளகு வாங்க மேலே வருகிற வியாபாரிகூடப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவான். மலைக்கு மாற்றல் உத்தரவு வந்தால் உத்தியோகஸ்தர்கள் லீவு போடுவார்கள். என் கணவர் லீவு போடவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், பாத்திர மூட்டை, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பிறந்து எட்டாவது தேறியிருந்த நான், இவ்வளவையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்.

பள்ளிக்கூடம் என்பது மண் சுவர் வைத்துப் புல் வேய்ந்த ஒரே அறை. அதை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன வீடு. சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவுகளில் ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. பிள்ளைகள் ஓடை தாண்டி, பலா மரங்களுக்கு அடியிலிருந்த ஒற்றையடிப் பாதையில் வருவார்கள். மழை விட்டதும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் பாதி அறை காலியாகிவிடும். வந்த பிள்ளைகளிலும் சிலர் பாடம் நடக்கும்போதே நடுங்க ஆரம்பித்து, எழுந்துபோய் வெளியே பாறைமேல் வெயிலில் உட்கார்ந்துகொள்வார்கள். என் கணவர் உள்ளே நின்றபடியே குரலை உயர்த்திச் சொல்லிக்கொடுப்பார், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

அவருக்கும் காய்ச்சல் வந்தது. போயிற்று, மறுபடி வந்தது. வயிற்றில் இடப்பக்கம் கட்டி கட்டியிருந்தது, தொட்டால் கல் மாதிரி இருக்கும். மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை சர்க்காரிலிருந்து எங்களுக்கென்று கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதையும் உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். யாருக்கும் போதவில்லை. பிறகு யுத்தம் வலுத்தது. கொய்னா வருகிற தேசமே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்றார்கள். எங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குச் சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று என் அண்ணன் பேளுக்குறிச்சியிலிருந்து சொல்லி அனுப்பினார். எட்டாவது தேறியிருந்தால் போதும். ஒரு வியாசம் எழுத வேண்டும், அப்புறம் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். என் கணவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"நீ எழுது புள்ள. எனக்கு இந்த ஒடம்பு இனி எத்தனை நாளைக்குத் தாங்குமோ தெரியல. நீ வாத்தியாராயிட்டா உன்னோட நானும் எறங்கி வந்துருவேன்."

அவர் அப்படி இறங்கி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

காகிதத்துக்குப் பஞ்சம். அதனால் பலகையில் எழுதினேன், பிள்ளைகள் எழுதுகிற கல்பலகையில். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பாறைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். நான் எழுதிக் காட்ட வேண்டும்.

"மொதல்ல தலைவாக்கியம் எழுது" என்றார். "வியாசம் முழுக்க நீ என்ன சொல்லப் போறயோ அது ஒரே வாக்கியமா மொதல்ல வரணும். அது நின்னாத்தான் மத்தது நிக்கும்."

நான் எழுதினேன்: கொல்லிமலை இயற்கை வளம் நிறைந்த மலை.

படித்துவிட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். "இதை எவன் இல்லைன்னு சொல்லப் போறான்? யாரும் மறுக்காததைச் சொல்றதுக்கு எதுக்கு நாலு பக்கம்?"

துடைத்துவிட்டு, இந்த வியாசத்தில் மலைவாசிகளின் கல்வியைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று எழுதினேன்.

"சமைக்கப் போறேன்னு சொன்னா வயிறு நெறையுமா? சொல்லப் போறேன்னு சொல்லாதே. சொல்லு."

மறுநாள், கல்வி எல்லாச் செல்வங்களையும்விட உயர்ந்தது என்றேன். அது உலகத்துக்கெல்லாம் பொருந்தும், இந்த மலைக்கென்று அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கோபம் வந்தது எனக்கு. கல்வி, சுகாதாரம், பாதை, விவசாயம் நான்கும் மேம்பட்டால்தான் மலை முன்னேறும் என்று பலகை நிறைய எழுதிக் கையில் கொடுத்தேன். அவர் சிரித்தார். நாலு மாட்டையும் ஒரே முளையில் கட்டினால் ஒன்றுக்கொன்று கால் சிக்கி விழும் என்றார். "எது முக்கியம்னு நீ முடிவு பண்ணலைன்னா, படிக்கிறவன் எப்படி முடிவு பண்ணுவான்?"

"நீங்கதான் ஒண்ணு சொல்லுங்களேன்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பலகையை வாங்கி அழகான கையெழுத்தில் எழுதினார்: மலையில் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிட்டால் மற்ற நன்மைகள் யாவும் அதன் பின்னால் தாமே வரும்.

"இதை ஒருத்தன் மறுக்கலாம். மறுக்கிறவனுக்குப் பதில் சொல்ல எங்கிட்டக் காரணம் இருக்கு. அதுதான் தலைவாக்கியம். இதுக்குக் கீழ எழுதிக்கிட்டு வா."

அந்த வாக்கியத்தை அவர் அன்றைக்கு உண்டாக்கவில்லை. மலை ஏறிய நாளிலிருந்தே அதை வைத்துக்கொண்டுதான் இருந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அதற்குக் கீழே என்னால் எழுத முடியவில்லை. உட்காருவேன், ஒரு வரி எழுதுவேன், துடைப்பேன். காரணம் பக்கத்து வீடு.

பக்கத்து வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். புருஷனும் அவளுமாகச் சரிவில் சாமை விதைத்து, பலா மரத்தில் மிளகுக் கொடி ஏற்றிப் பிழைத்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்த ஒரே குழந்தை அந்தப் பெண்தான். இன்ஸ்பெக்டர் வந்தபோது என் கணவர் அவளைத்தான் எழுப்பிப் படிக்கவைத்தார். மலைப் பெண்ணா இப்படிப் படிக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி, வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதையும் படித்தாள். அந்தச் சந்தோஷத்தில் என் கணவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை இல்லை. சாமிக்கு முடிந்து வைத்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள். என் கணவர் கீழே இறங்கிப் போய்ப் அப்போது கொய்னா விற்ற போஸ்டாபீசில் கேட்டார், கடைகளில் கேட்டார், வெறும் கையோடு ஏறி வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாத்தியாருங்க, இவனை நாளையிலிருந்து அனுப்பட்டுங்களா? அக்கா படிச்ச எடத்துலயே ஒக்காரட்டுங்க."

என் கணவர் பையன் தலைமேல் கையை வைத்தார். அவள் போன பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தியா? இன்னும் அனுப்புறா. நான் சொன்னது சரிதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பையன் வந்த சில நாளிலேயே நடுங்கிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகுதான் ஒரு சாயங்காலம் நானாக அந்த வரியை எழுதினேன். யோசித்து எழுதியதில்லை. ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்தது கைக்கு வந்தது.

கொல்லிமலைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன் கொய்னா வர வேண்டும்.

அவரிடம் நீட்டினேன். படித்தார். திரும்பவும் படித்தார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"சரியாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "சின்னதா இருக்கு. ஒண்ணைத்தான் சொல்லுது. இந்த மலைக்குன்னே இருக்கு. மறுக்கலாம்." பலகையைத் திருப்பிக் கொடுத்து, "நான் மறுக்கறேன்" என்றார்.

"சொல்லுங்க."

"மருந்து வந்தா எப்படிச் சாப்பிடறதுன்னு படிக்கத் தெரியணும். படிப்பில்லாத எடத்துக்கு மருந்து கேக்கறதுக்குக்கூட ஆள் இருக்காது."

"கேக்கறதுக்கு நீங்க இருந்தீங்களே. போனீங்க, கேட்டீங்க. வந்துச்சுங்களா?"

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் வியாசத்தின் முதல் காரணம் அதுதான் என்பதும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் வரி வரியாக அவரே என்னைக் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். தனக்கு எதிரான கட்சியை எனக்காகக் கூர்மையாக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பத்தி தலைவாக்கியத்தை விட்டு விலகினால், "இது எதுக்கு இங்க?" என்று தட்டுவார். எல்லாம் முடிந்ததும் சொன்னார்:

"நல்லா இருக்கு புள்ள. ஆனா அங்க போய் இதை எழுதாதே. எடுக்க மாட்டாங்க. என்னோடதையே எழுது."

சந்தை நாளில் மிளகு மூட்டையோடு இறங்கிய ஆட்களோடு நானும் இறங்கினேன். அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணனோடு பஸ் ஏறிச் சேலம் போனேன். பெஞ்சுகளில் பெண்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பலருக்கு என்னைவிடச் சின்ன வயது. கரும்பலகையில் வியாசத் தலைப்பை எழுதினார்கள்: கிராம முன்னேற்றத்தில் பள்ளிக்கூடத்தின் பங்கு.

என் கணவருடைய வாக்கியம் அதற்கென்றே வெட்டி வைத்த மாதிரி இருந்தது. பேனாவை மையில் தொட்டு அதை எழுதத்தான் ஆரம்பித்தேன். மலையில் ஒரு பள்ளிக்கூடம் என்பதுவரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடித்தேன். அடித்ததற்குக் கீழே என்னுடைய வாக்கியத்தை எழுதினேன். அதன் பிறகு பேனா நிற்கவே இல்லை. மணி அடித்தபோது நான் முடித்திருந்தேன்.

நேரில் கூப்பிட்டபோது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியை, கண்ணாடி போட்ட அம்மாள். இன்னொருவர் கல்வி இலாகா அதிகாரி. என் காகிதம் அவர் முன்னால் இருந்தது.

"பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறவளை வாத்தியாராக்கிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பச் சொல்கிறாயா?" என்றார் அதிகாரி.

"வேண்டாம்னு எழுதலீங்க. அதுக்கு முன்னால மருந்து வரணும்னு எழுதியிருக்கேன்."

"கேட்ட கேள்வி மருந்தைப் பற்றி இல்லையே?"

"பங்குன்னு கேட்டிருந்தீங்க. பாதிப் பிள்ளைங்க வெயில்ல ஒக்காந்து நடுங்கற எடத்துல பள்ளிக்கூடத்துக்கு என்ன பங்குங்க?"

அந்த அம்மாள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "வியாசம் கட்டுக்கோப்பாக இருக்கிறது. முதல் வரியில் சொன்னதை விட்டு எங்கேயும் விலகவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"என் வீட்டுக்காரருங்க. எடப்புளி நாட்டுல வாத்தியாருங்க."

"இதை அவர் ஒப்புக்கொள்கிறாரா?"

"இல்லீங்க. மறுக்கறாருங்க."

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அதிகாரி, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது என் கணவர் பாயில் படுத்திருந்தார். நான் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வாக்கியம் எழுதினே?"

சொன்னேன். வியாசத்தை முழுக்கச் சொல்லச் சொன்னார். மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். அந்தப் பெண் குழந்தையைப் பற்றிய பத்தி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நான் இங்க வந்து இருந்ததே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே" என்றார்.

"இல்லீங்க. அப்படி எழுதலீங்க."

"வரியில இல்ல. வரிக்கு அர்த்தம் அதுதான்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போனார். அதற்கடுத்த நாளும் போனார். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேச்சு. பிறகு ஒரு மத்தியானம், நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"உன்னோட வாக்கியத்துல ஒரு கோளாறு இருக்குது."

முறத்தைக் கீழே வைத்தேன்.

"கொய்னா வர வேண்டும்னு எழுதியிருக்கே. யாரு கொண்டு வரணும்? அது வாக்கியத்துல இல்ல. என்னோடதுலயும் இல்ல. தாமே வரும்னு எழுதினேன். தாமே எது வந்துச்சு?"

"யாருங்க கொண்டு வரணும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"தெரியலீங்க."

அவர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முறத்திலிருந்த கல்லைப் பொறுக்க ஆரம்பித்தார். இருவரும் பொறுக்கினோம். எங்களுக்குள் இருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது. கோபம் போன இடத்தில் வேறொன்றும் வந்து உட்காரவில்லை.

நான் தேர்வாகவில்லை என்று ஒரு கார்டு வந்தது. காரணம் எதுவும் போடவில்லை. அண்ணன்தான் மலை ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அதைப் படித்துவிட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். குளிர் ஏறிக்கொண்டிருந்ததால் அதைக்கூட அவரால் பல் கிட்டாமல் சொல்ல முடியவில்லை.

அந்தத் தடவை காய்ச்சல் விடவில்லை. சிறுநீர் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன், "கீழ கொண்டு போயிரலாமுங்க வாத்தியாரம்மா, வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்க" என்று ஆட்களைக் கூட்டி வந்தான். மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரிக் கட்டி அவரைத் தூக்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வழுக்குப் பாறைகளில் ஆட்கள் காலை ஊன்றி ஊன்றி இறங்கினார்கள். நான் பின்னாலேயே வந்தேன். தூளிக்குள்ளிருந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கிட்டப் போய்க் கேட்டேன். வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு அடி சொல்லிவிட்டு நிறுத்துவார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காக.

பேளுக்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. ராசிபுரத்துக்குக் கொண்டுபோக வண்டி பூட்டினார்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வேறு வாத்தியாரைப் போட்டார்கள். அவர் வந்து சேரவில்லை. இன்னொருவரைப் போட்டார்கள், அவர் வந்து பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிட்டார். பிறகு பிள்ளைகள் வரவில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் அண்ணன் பயிற்சிப் பள்ளிக்கு மறுபடி எழுதிப் போடச் சொன்னார். நான் எழுதிப் போடவில்லை. எழுதுவதற்கு என்னிடம் எந்த வாக்கியமும் இல்லை. அண்ணன் வீட்டில் சமைத்தேன், அண்ணி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், கடலை உரிக்கிற வேலை வந்தால் போனேன்.

யுத்தம் முடிகிற சமயம் என்று நினைக்கிறேன், ஒரு சந்தை நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். வாழைத்தாரைக் கீழே சாய்த்து வைத்து அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா வாத்தியாரம்மா?"

"இருக்கேன். பையன் எப்படி இருக்கான்?"

வாழைத்தாரில் ஒட்டியிருந்த சருகைப் பிய்த்துப் போட்டாள். எனக்குப் புரிந்தது. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் வந்து விலை கேட்டார்கள். அவள் சொன்னாள், அவர்கள் குறைத்துக் கேட்டார்கள், அவள் கொடுத்துவிட்டாள். வெயில் சாயத் தொடங்கியதும் உப்பும் கருவாடும் வாங்கித் துணியில் முடிந்துகொண்டாள்.

"இருட்டறதுக்குள்ள ஏறணுமுங்க" என்றாள்.

மலைக்காரர்கள் நாலைந்து பேர் சந்தைக் கோடியில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அண்ணி வாங்கி வரச் சொன்ன தக்காளி அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தது. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.